ஊர்க்காரர் கார்பெட்

ஒரு மனிதரின் வாழ்வை நினைவுகூரும் எழுத்துகளில் 'எல்லோரிடமும் கலகலப்பாகப் பழகியவர்', 'இயற்கையின்பால் பேரன்பு கொண்டவர்' என்னும் இரண்டு தொடர்களும் இடம்பெறாதவை மிகச் சிலவே. அச்சகத்தில் முன்கூட்டியே கோத்துவைத்த அச்செழுத்துகளைப்போல் எவர் பெயருக்குக் கீழும் அவை பொருந்திவிடுகின்றன. அதனாலேயே இறந்தவரைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. யாரோடு பழகினார், அந்தப் பழக்கத்தால் எவருடைய கடன் தீர்ந்தது, இயற்கை என்பது எந்தக் காடு, எந்த ஓடை, எந்தப் பறவையின் குரல் என்னும் கேள்விகளுக்கு விடை தராத இரங்கலுரை, முகவரி எழுதாமல் அஞ்சல்பெட்டியில் போட்ட கடிதத்துக்கு ஒப்பானது. (அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாலும் அது போய்ச் சேரப்போவதில்லை.)

இக்குறையை ஆராய்ந்து பார்ப்பதற்கு ஜிம் கார்பெட்டின் வாழ்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டு. எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் என்னும் முழுப்பெயர் கொண்ட அவர் 1875 ஜூலை 25 அன்று இமயத்தின் மடியில் அமைந்த நைனிதால் என்னும் சிறுநகரில் பிறந்து, 1955 ஏப்ரல் 19 அன்று கென்யாவின் நியேரி என்னும் மற்றொரு சிறுநகரில் மறைந்தார். உலகம் அவரை ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட வேட்டைக்காரராகவே அறிந்திருக்கிறது. சம்பாவத் பெண்புலி கொன்றவர்கள் 436 பேர், ருத்ரபிரயாகைச் சிறுத்தை கொன்றவர்கள் 125 பேர் என்று கிரிக்கெட் ஓட்டக் கணக்கைப்போல் எண்களை அடுக்கிவிட்டு, அவற்றின் எதிரே கார்பெட்டின் பெயரை எழுதி முடித்துக்கொள்வதே அவரைப் பற்றிய பெரும்பாலான கட்டுரைகளின் வழக்கம். எரிச்சலூட்டும் வழக்கம் அது. ஏனெனில் அவர் எழுதிய நூல்களைப் பொறுமையாகப் படிப்பவருக்கு, துப்பாக்கி ஏந்திய வீரரைக் காட்டிலும், தெருவில் போகிறவரை நிறுத்தி நலம் விசாரிக்கும் ஓர் ஊர்க்காரரே அவற்றில் அதிகமாகத் தென்படுகிறார்.

(பெயரைப் பற்றி ஒரு சிறு விலகல். நைனிதாலைச் சூழ்ந்த குமாவுன் பகுதியின் மலைமக்கள் அவரைக் 'கார்பெட் சாகிப்' என்று அழைத்தபோது, தரைவிரிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு அவர் பெயர் கலந்துவிட்டது என்று ஆங்கிலேயர்கள் புன்னகைத்தார்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அவருடைய வாழ்க்கை வரலாறு ஒன்றுக்கு அந்தத் திரிபே தலைப்பாகவும் ஆயிற்று. தமிழ் எழுத்திலோ இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. குமாவுன் நாவும் தமிழ் நெடுங்கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன என்று மொழியியலார் மகிழலாம்.)

நைனிதால் ஓர் ஏரியைச் சுற்றி எழுந்த ஊர். கோடையில் சமவெளியின் வெப்பத்துக்கு அஞ்சிய ஆட்சியாளர்கள் ஏறி வந்து தங்கிய மலைவாழிடங்களுள் ஒன்றான அவ்வூரில், கார்பெட்டின் தந்தை கிறிஸ்டோபர் வில்லியம் கார்பெட் அஞ்சலகத் தலைவராகப் பணியாற்றினார். சிறுநகர் ஒன்றில் அஞ்சலகத் தலைவருக்குத் தெரியாத குடும்பம் இராது என்பதை நினைவில் கொண்டால், மகனின் பழகும் இயல்புக்கு வீட்டிலேயே விதை இருந்தது என்று கருத இடமுண்டு. 1880 செப்டம்பர் 18 அன்று ஏற்பட்ட பெரும் நிலச்சரிவில் நைனிதாலில் 151 பேர் இறந்தனர். அதற்கு அடுத்த ஆண்டு, கார்பெட் ஆறு வயதைக்கூட எட்டாத நிலையில், தந்தையும் காலமானார். பெரிய குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு தாய் மேரி ஜேன்மீது விழுந்தது. கோடை விருந்தினர்களுக்கு வீடுகளை வாடகைக்குப் பேசி அமர்த்திக் கொடுக்கும் தொழிலை அவர் நடத்தினார். ஏரிக்கு எதிரே அயர்பட்டா மலைச்சரிவில் எழுந்த கர்னி இல்லம் அக்குடும்பத்தின் கோடைக்கால வீடாயிற்று. குளிர்காலத்தில் அவர்கள் மலையடிவாரத்துக் காலாதுங்கியிலிருந்த ஆரண்டெல் என்னும் வீட்டுக்கு இறங்கிவிடுவார்கள்.

அந்த ஏற்றமும் இறக்கமும் கார்பெட்டின் கல்வியில் பெரும்பகுதி. இமயத்தின் அடிவாரத்தை ஒட்டிக் கூழாங்கல்லும் சரளையுமாகப் பரந்து கிடக்கும் நிலப்பட்டையைப் 'பாபர்' என்பர். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் அங்கே மண்ணுக்குள் மறைந்துவிடுவதால் மேற்பரப்பு வறண்டும் காடடர்ந்தும் இருக்கும். அதற்குத் தெற்கே, மறைந்த நீர் மீண்டும் ஊற்றெடுத்துச் சதுப்பாகவும் உயர்ந்த புல்வெளியாகவும் விரியும் பகுதி 'தராய்' எனப்படும். காலாதுங்கி பாபர் நிலத்து ஊர். பெயருக்குக் கருங்கல் என்பது பொருள். குளிர்காலத்தில் மலைமக்களும் தம் ஆடுமாடுகளோடு கீழே இறங்கி வருவதால், ஆண்டில் பாதி நாள் அவ்வூர் மலைக்கும் சமவெளிக்கும் பொதுவான முற்றமாக இருந்தது. நைனிதாலின் நாகரிகக் கூட்டத்தையும் காலாதுங்கியின் உழவர், இடையர், விறகுவெட்டி, திருட்டு வேட்டைக்காரர் ஆகியோரையும் ஒரே பருவச் சக்கரத்தில் மாறி மாறிச் சந்தித்த சிறுவனுக்குக் குமாவுனியும் இந்துஸ்தானியும் பாடப்புத்தகத்தின் உதவியில்லாமலே வந்து சேர்ந்தன.

காட்டைக் கற்ற விதம்தான் சுவையானது. பிறவி மேதையாகக் கார்பெட் தம்மை எங்கும் காட்டிக்கொள்வதில்லை. 1953-இல் வெளிவந்த 'ஜங்கிள் லோர்' என்னும் நூலில், அஞ்சி ஓடிய நாள்களையே அவர் மிகுந்த உற்சாகத்தோடு விவரிக்கிறார். டேன்ஸி என்னும் அயர்லாந்துக்காரர், சாவை முன்னறிவித்து ஓலமிடும் 'பான்ஷி' என்ற பேயைப் பற்றிச் சிறுவர்களுக்குக் கதைகள் சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் காட்டில் தனியாக நின்றபோது அந்த ஓலம் உண்மையாகவே கேட்டது. சிறுவன் ஓட்டம் பிடித்தான். பிறிதொரு நாள் அச்சத்தைவிட ஆவல் மிகுந்துபோகவே, குரல் வந்த திசைக்குப் பதுங்கிச் சென்று பார்த்தால், ஒரு மரத்தின்மீது சாய்ந்துகிடந்த மற்றொரு மரம் காற்றில் உராய்ந்து முனகிக்கொண்டிருந்தது. சாய்ந்த மரத்தைப் பார்த்ததோடு பேயின் ஆட்சி முடிவுக்கு வந்தது. (பேயை ஒழித்தது துணிச்சலா, விசாரணையா என்று கேட்டால், விசாரணை என்பதே கார்பெட்டின் விடையாக இருந்திருக்கும்.) கேட்ட ஒலியை எழுப்பியது எது, ஏன் எழுப்பியது என்று தேடிப்போய்ப் பார்க்கும் அந்தப் பழக்கமே பிற்காலத்தில் மான் எழுப்பும் எச்சரிக்கைக் குரலிலிருந்து சிறுத்தையின் இருப்பிடத்தைக் கணிக்கும் திறனாக வளர்ந்தது.

ஆசிரியர்களும் வாய்த்தார்கள். மூத்த சகோதரர் டாம் ஒருவர்; குன்வர் சிங் என்னும் கிராமத் தலைவர் மற்றொருவர். குன்வர் சிங் வெளிப்படையான திருட்டு வேட்டைக்காரர். அவரிடம் காட்டுப் பாடம் கற்றதைக் கார்பெட் மறைக்கவுமில்லை. அவரைத் திருத்திவிட்டதாக மார்தட்டவுமில்லை. பிற்காலத்தில் குன்வர் சிங் அபினிக்கு அடிமையாகிச் சாகும் தறுவாயில் கிடந்தபோது, பூணூலையும் அரசிலையையும் பசுவின் வாலையும் பற்றச்செய்து, அபினியை இனித் தொடுவதில்லை என்று அவரை ஆணையிட வைத்த நிகழ்ச்சி 1952-இல் வெளியான 'மை இந்தியா'வில் இடம்பெறுகிறது. அவரும் ஆணையைக் காத்து மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். நண்பரின் நோய்க்கு மருந்தை நண்பரின் நம்பிக்கையிலிருந்தே எடுப்பதற்கு, அந்த நம்பிக்கையின் வாசற்படிவரை பழகியிருக்க வேண்டும்.

பழகும் இயல்பு என்பது உண்மையில் எதனால் ஆனது என்பதை மொகாமா படித்துறை காட்டுகிறது. பள்ளிப் படிப்பை முடித்த கார்பெட் வங்காள-வடமேற்கு ரயில்வேயில் சேர்ந்து, முதலில் எஞ்சின்களுக்கு விறகு வெட்டுவிக்கும் பணியைப் பார்த்தார். (பின்னாளில் காட்டின் காவலராகப் போற்றப்பட்டவர் மரத்தை வீழ்த்தும் வேலையில் தொடங்கினார் என்பது வரலாறு சிரிக்கும் இடங்களுள் ஒன்று.) அதன்பின் ஏறத்தாழ இருபத்தொரு வயதில், பீகாரில் கங்கைக் கரையிலிருக்கும் மொகாமா படித்துறையில் சுமை மாற்றும் ஒப்பந்தத்தை ஏற்றார். அக்காலத்தில் அங்கே ஆற்றின் குறுக்கே பாலமில்லை. இராஜேந்திர சேது 1959-இல்தான் திறக்கப்பட்டது. ஒரு கரையில் அகலப்பாதை, மறுகரையில் மீட்டர் பாதை. எனவே ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு கூடை நிலக்கரியும் ரயில்பெட்டியிலிருந்து இறக்கப்பட்டு, படகில் ஆற்றைக் கடந்து, மீண்டும் வேறு பெட்டியில் ஏற்றப்பட வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஐந்து இலட்சம் டன் சரக்கு மனிதத் தலைகளின்மீதே அவ்வாறு இடம்பெயர்ந்தது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வேலையை அவர் நடத்தியதற்கு நிருவாகத் திறன் மட்டும் காரணமில்லை. தொடக்க மாதங்களில் ரயில்வேயிடமிருந்து பணம் வராமல் கூலி கொடுக்க இயலாதுபோனபோது, அவரும் தொழிலாளர்களோடு சேர்ந்து நிலக்கரி சுமந்தார். தொழிலாளர்களும் வேலையை விட்டுப் போகவில்லை. தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த சமாரி என்பவரை நிலக்கரிப் பிரிவின் தலைவராக்கினார். அவர் காலராவில் இறந்தபோது இறுதி ஊர்வலத்துக்குத் திரண்ட கூட்டத்தைக் கார்பெட் மிகுந்த மதிப்போடு பதிவு செய்திருக்கிறார். காலராவோடு கரையில் இறக்கிவிடப்பட்ட ஒரு வணிகரைத் தம் வீட்டில் கிடத்திப் பேணி, நலமானதும் ஐந்நூறு ரூபாய் கொடுத்தனுப்பினார். வணிகர் பின்னர் வட்டியோடு திரும்பி வந்தார். வட்டியை வாங்க மறுத்ததில் வணிகருக்கு உண்டான மனவருத்தத்தையும் கார்பெட் விடாமல் எழுதுகிறார். கொடுப்பவருக்கு இருக்கும் தன்மானம் திருப்பிக் கொடுப்பவருக்கும் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். புத்து என்னும் தொழிலாளியின் கதை இன்னும் கூர்மையானது: பாட்டன் வாங்கிய இரண்டு ரூபாய்க் கடன் வட்டிமேல் வட்டியாகப் பெருகிப் பேரனையும் அடிமையாக்கியிருந்தது, கார்பெட் வழக்கறிஞரின் துணையோடு அந்தக் கடன் பத்திரத்தை மீட்டுக் கொடுத்தார்.

மொகாமாவின் பள்ளிக்கூடம் தனியே குறிப்பிடத்தக்கது. ரயில்நிலைய அதிகாரி ராம் சரண் என்பவரோடு சேர்ந்து தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அப்பள்ளியில் முதல் நாளிலேயே சாதி குறுக்கே நின்றது: மேல்சாதிச் சிறுவர்கள் மற்றச் சாதிச் சிறுவர்களோடு ஒரே வீட்டுக்குள் அமர்வது வழக்கத்துக்கு மாறானது என்றனர். ராம் சரண் விவாதத்தில் இறங்காமல் குடிசையின் சுவர்களை அகற்றிவிட்டார். சுவரில்லாத கட்டடம் வீடாகாது, கொட்டகையே ஆகும். கொட்டகையில் சேர்ந்து அமர்வதற்குத் தடை எதுவும் இல்லை. இருபது பேரோடு தொடங்கிய பள்ளி காலப்போக்கில் இருநூறு பேர் படிக்கும் நடுநிலைப் பள்ளியாக வளர்ந்தது. சமூகச் சீர்திருத்தத்தைப் பற்றிய தடித்த நூல்கள் பலவற்றில் காணக்கிடைக்காத ஓர் உத்தி இது. அதே வேளையில், சுவரை எடுத்தால் சாதி போய்விடும் என்று எவரும் ஏமாறவும் கூடாது, ஏனெனில் அகற்றப்பட்டது களிமண் சுவர் மட்டுமே. ஆயினும் இருநூறு பிள்ளைகள் எழுத்தறிந்தது களிமண்ணால் ஆன செய்தி அன்று. அந்த யோசனையின் பெருமையைக் கார்பெட் தமக்கு எடுத்துக்கொள்ளாமல் ராம் சரணுக்கே எழுதிவைத்திருப்பதும் கவனிக்கத்தக்கது.

விளையாட்டும் இருந்தது. கெல்லி என்னும் சக அலுவலரும் கார்பெட்டும் திடலைச் சமன்படுத்தி, ஊழியர்களைக் கொண்டு கால்பந்தும் ஹாக்கியும் ஆடத் தொடங்கினர். அணித்தலைவர்களான துரைமார்களில் எவரேனும் கால் இடறி விழுந்தால், இரு அணியினரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்து தூக்கி நிறுத்தி, உடையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிடுவார்கள். ஒருமுறை அவ்வாறு தூசி தட்டும் சடங்கு நடந்துகொண்டிருந்தபோது எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் பந்தைக் கடத்திக்கொண்டு கோல் போட விரைந்தார். வேடிக்கை பார்த்தவர்கள் களத்தில் புகுந்து பந்தைப் பறிமுதல் செய்து, ஆட்டக்காரரையும் சிறைப்பிடித்தனர். நகைச்சுவையாகச் சொல்லப்பட்ட அந்நிகழ்ச்சிக்குள் காலனி ஆட்சியின் படிநிலை முழுவதும் அடங்கியிருக்கிறது. கார்பெட் எவ்வளவுதான் நெருங்கிப் பழகினாலும் 'சாகிப்' என்னும் அடைமொழி அவரைவிட்டு இறங்கவில்லை. திடலில் எல்லோரும் சமம் என்று அவர் எண்ணியிருக்கலாம், தூசி தட்டியவர்கள் அவ்வாறு எண்ணவில்லை.

1917-இல் முதல் உலகப் போருக்காக 500 குமாவுன் ஆள்களைத் திரட்டிப் பிரான்சுக்கு அழைத்துச் சென்ற பணியும் பழக்கத்தின் வலிமையால் நடந்ததே. போரிலிருந்து திரும்பியபின் அவர் நைனிதாலின் பொதுவாழ்வில் ஆழ்ந்தார். குடும்பத்தின் வீட்டு வாடகைத் தொழிலைக் கவனித்ததோடு, நகராட்சி மன்ற உறுப்பினராகவும் அதன் துணைத் தலைவராகவும் இருந்தார். ஏரிக்கரைத் திடலில் இசைக்குழு அமர்ந்து வாசிக்கும் மேடை அவருடைய கொடை என்று ஊர் வழங்குகிறது. சாக்கடை, வீட்டுவரி, மரம் வெட்டும் அனுமதி முதலியவற்றைப் பற்றி நகராட்சிக் கூட்டங்களில் மணிக்கணக்கில் அமர்ந்து பேசுவதற்குப் புலியின் பின்னால் நடப்பதைக் காட்டிலும் மிகுந்த பொறுமை வேண்டும். வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவதற்குக் காரணம், அதில் இரத்தம் சிந்தவில்லை என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

1915-ஐ ஒட்டிக் காலாதுங்கிக்கு அருகே கைவிடப்பட்ட நிலையிலிருந்த சோட்டி ஹல்த்வானி என்னும் சிற்றூரை விலைக்கு வாங்கிக் குடியானவர்களை அமர்த்தினார். பகலெல்லாம் உழவர் பாடுபட்டு விளைவிப்பதைக் காட்டுப்பன்றியும் மானும் இரவில் வந்து தின்றுவிட்டுப் போகும் நிலை அங்கே இருந்தது. எனவே ஊரையும் வயல்களையும் சேர்த்து வளைத்து, ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்மதில் எழுப்பப்பட்டது. பன்றியைச் சுடுவதற்குத் துப்பாக்கி இருந்தும், தாண்ட முடியாத சுவரைக் கட்டுவதற்கு அவர் பணத்தையும் ஆண்டுகளையும் செலவிட்டார் என்பதைப் புலிக் கணக்கு எழுதுவோர் கவனிப்பதில்லை. காட்டு விலங்கும் உழவரும் அடுத்தடுத்து வாழும் நிலப்பரப்பில், எல்லையை ஒழுங்காக அமைத்தால் இரு தரப்பும் பிழைக்கும் என்பது இன்று வனத்துறைக் கருத்தரங்குகளில் பேசப்படும் கொள்கை. அன்று அது ஓர் அண்டைவீட்டாரின் நடைமுறை அறிவு. காலாதுங்கி வீட்டின் தாழ்வாரத்திலோ சகோதரி மேகி நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். திருமணம் செய்துகொள்ளாத அவ்விருவரின் வீட்டுக்கு, சுற்றுவட்டாரத்து மக்கள் காய்ச்சலோடும் வழக்கோடும் வந்து போயினர்.

இனிப் புலிகளுக்கு வரலாம். ஆட்கொல்லி வேட்டை என்பது கார்பெட்டின் நூல்களில் தனிமனித வீரத்தைப்போலத் தோன்றினாலும், அதன் அடித்தளம் ஊராரின் செய்தியே. எந்த ஓடைக்கரையில் புல் அறுக்கப் போனவர் திரும்பவில்லை, எந்த மேய்ப்பர் அடிச்சுவட்டைக் கண்டார் என்பனவற்றை அச்சத்தில் உறைந்து கதவடைத்துக் கிடக்கும் ஊரிலிருந்து பெறுவதற்கு, வந்தவர்மேல் நம்பிக்கை வேண்டும். 1907-இல் சம்பாவத்தில் இறுதி நாளன்று தாசில்தார் உரிமமில்லாத துப்பாக்கிகளைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட, 298 பேர் கைக்குக் கிடைத்த கருவிகளோடு மலைவிளிம்பில் வரிசையாக நின்று இரைச்சல் எழுப்பிப் புலியை விரட்டினர். அதன்பின் நடந்ததே முதன்மையானது. தன் சகோதரியைப் புலி கவ்விச் சென்றதைக் கண்ட அதிர்ச்சியில் ஓராண்டாகப் பேச்சிழந்திருந்த பெண்ணொருவர் வழியிலிருந்த சிற்றூர் ஒன்றில் இருந்தார். திரும்பும் வழியில் கார்பெட் அவ்வூருக்குச் சென்று புலித்தோலை அவர் வாசலில் விரித்துக் காட்டினார். அப்பெண் வாய்திறந்து, கணவரையும் ஊராரையும் வந்து பார்க்கும்படி தெருவில் கூவியழைத்தார். வேட்டை முடிந்தபின் வீடு திரும்ப அவசரப்படாமல் யாரிடம் அந்தச் செய்தியைச் சேர்க்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தவரையே 'பழகத் தெரிந்தவர்' என்று சொல்லலாம்.

ருத்ரபிரயாகையும் அவ்வாறே. கேதார்நாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் செல்லும் யாத்திரைப் பாதையில் 1918 முதல் 1926 வரை மனிதரைக் கொன்றுவந்த சிறுத்தையை, 1926 மே 2 இரவு கோலாப்ராய் என்னுமிடத்தில் ஒரு மாமரத்தின்மீது காத்திருந்து அவர் சுட்டார். அதற்குமுன் அமைந்த தோல்விகளை (பொறிகள் ஏமாந்தமை, நஞ்சு பலிக்காமை, பாலத்துக் கோபுரத்தின்மேல் குளிர்காற்றில் வீணாகக் கழித்த இரவுகள் ஆகியவற்றை) அவர் வரிசையாக எழுதுவதால்தான் அந்நூல் இன்றும் படிக்கத் தகுந்ததாக இருக்கிறது. வெற்றியை மட்டும் எழுதியிருந்தால் அது இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும்.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு அவர் மாறியதும் தட்டுத்தடுமாறி நடந்ததே. 1927-இல் வெளிவந்த புலிப் படங்களின் நூலால் புகழ்பெற்ற வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியனின் தாக்கம் அவரிடம் வலுவாக இருந்தது. நண்பர் ஒருவர் கொடுத்த 16 மில்லிமீட்டர் திரைப்படக் கேமராவோடு காட்டில் அமர்ந்தால், அது சுழலும் ஓசையைக் கேட்டதும் புலி மறைந்துவிடும். பலமுறை தோற்றபின், ஓடும் நீரின் சலசலப்பு அவ்வோசையை விழுங்கிவிடும் என்று கண்டு, காட்டோடை ஒன்றில் சிறு அணைகளைக் கட்டி நீரைச் சலசலக்கவைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, ஒரே இடத்தில் பல புலிகளைப் படமெடுத்தார். பள்ளிகளில் காட்டைப் பற்றிப் பேசினார். விலங்குகளின் குரல்களை எழுப்பிக் காட்டினார். ஹசன் ஆபித் ஜாஃப்ரியோடு சேர்ந்து காட்டுயிர் இதழ் ஒன்றையும் நடத்தினார். 1936-இல் ஹெய்லி தேசியப் பூங்கா என்ற பெயரில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்தபோது அதற்குத் துணைநின்றவர்களுள் அவரும் ஒருவர்.

நினைவுகூர்தல் நேர்மையாக இருக்க வேண்டுமானால் மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். 1930-இல் அவர் சுட்ட 'பவல்கரின் பிரமச்சாரி' என்னும் பெரும்புலி ஆட்கொல்லி அன்று. அதன் உருவத்தின் பெருமைக்காகவே அது பல வேட்டைக்காரர்களால் தேடப்பட்டது, இறுதியில் அவர் கையால் இறந்தது. வைசிராய் லின்லித்கோ போன்ற ஆட்சியாளர்களோடு அவருக்கு நெருக்கம் இருந்தது. ஏழை இந்தியரை அவர் நேசித்தது உண்மை; அந்த ஏழ்மைக்கும் ஆட்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அவர் கேள்வி எழுப்பவில்லை என்பதும் உண்மை. புத்துவின் கடன் பத்திரத்தை மீட்டவர், அத்தகைய பத்திரங்களைச் செல்லுபடியாக்கிய சட்டத்தின் பக்கம் திரும்பவில்லை. அன்பு தனி மனிதரிடம் தொடங்கித் தனி மனிதரிடமே நின்றுவிடுவது சிறுநகரத்து நல்லவர்கள் பலரிடமும் காணப்படும் எல்லை. அதைச் சுட்டுவதால் அவர்கள் சிறுத்துவிடுவதில்லை. சுட்டாமல் விட்டால்தான் அவர்கள் சுவரில் மாட்டிய படமாகிவிடுகிறார்கள்.

1944-இல் பம்பாயில் 'மேன்-ஈட்டர்ஸ் ஆஃப் குமாவுன்' அச்சானபோது அவருக்கு வயது ஏறத்தாழ அறுபத்தொன்பது; போரில் பார்வையிழந்த வீரர்களுக்கான நிறுவனத்துக்கு அந்நூலின் வருவாயிலிருந்து அவர் கொடையளித்தார். எழுத்தாளர் தி.ஜ.ர.வின் மொழிபெயர்ப்பில் அது தமிழுக்கும் வந்தது. 1947 நவம்பரில் மேகியோடு இந்தியாவை விட்டுக் கென்யாவுக்குப் புறப்பட்டார். குடியானவர்களிடமே நிலத்தை விட்டுச் சென்றார் என்றும், உயிரோடிருந்தவரை ஊரின் நிலவரியைத் தாமே செலுத்திவந்தார் என்றும் சோட்டி ஹல்த்வானியில் சொல்லப்படுகிறது. நியேரியில், சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன்-பவல் முன்பு வாழ்ந்த 'பாக்ஸ்டு' என்னும் சிறு வீட்டில் அவர் குடியேறினார். 1952 பிப்ரவரியில், பின்னர் அரசியான எலிசபெத் மரத்தின்மேல் அமைந்த 'ட்ரீடாப்ஸ்' விடுதியில் தங்கிய இரவில் கார்பெட்டும் உடனிருந்தார். அந்த இரவில்தான் இங்கிலாந்தின் சாண்ட்ரிங்ஹாமில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமானார். (இந்த ஓர் இரவை மட்டும் எழுதிவிட்டு அவருடைய கென்ய வாழ்வு முழுவதையும் எழுதிவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு.) ஆனால் அங்கே அமர்ந்து அவர் எழுதிய நூலின் பெயர் 'மை இந்தியா'; அதில் வைசிராய்களைவிட, குன்வர் சிங்கும் சமாரியும் புத்துவும் ராம் சரணுமே பக்கங்களை நிறைக்கிறார்கள்.

ஹெய்லி பூங்கா 1957-இல் கார்பெட்டின் பெயரைப் பெற்றது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் அங்கிருந்தே தொடங்கியது. காலாதுங்கியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். அங்கு செல்பவர்கள் பெரும்பாலும் புலியைப் பார்க்கப் போகும் வழியில் இறங்கிப் படமெடுத்துக்கொள்கிறார்கள். சற்று நடந்தால் சோட்டி ஹல்த்வானியின் கல்மதிலையும் காணலாம்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் எல்லோரோடும் பழகி, மழைக்கும் வெயிலுக்கும் வீட்டுக்குள் அடங்காமல் திரிந்த ஒருவர் மறைந்து, அவரைப் பற்றி நான்கு வரி எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்தால், முதற்பத்தியில் கண்ட அந்த இரண்டு தொடர்களையும் தொடாதீர்கள். அவர் யார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தார், எந்தக் குளத்தில் எந்த மாதம் எந்த மீன் ஏறும் என்று அவருக்குத் தெரியும், எவருக்காகத் தாலுகா அலுவலகப் படியேறினார், எதில் தோற்றார், எதைச் செய்யாமல் விட்டார் என்பவற்றைக் கேட்டறிந்து எழுதுங்கள். கேட்பதற்கு உரியவர்களும் முதியவர்களே, தள்ளிப்போடாதீர்கள்.